நட்டவன் வரட்டும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இதை ஆற அமர உட்கார்ந்து எழுதவில்லை. எனக்கு இன்னும் ஆறவே இல்லை. என் நைனாவின் வலது பாதத்தில் முன்பாதி இப்போது கிடையாது. திருக்கை மீன் குத்தியதால் போனது என்று ஊரில் சொல்கிறார்கள். சர்க்கரை இருந்ததால் போனது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். திருக்கைக்கும் சர்க்கரைக்கும் வாய் கிடையாது, பழியைப் போட வசதி. என்னைக் கேட்டால், சவுக்குக் கம்பு நட்டுத் தகரம் அடித்த ஒரு தடுப்பால் போனது என்பேன். அந்தக் கம்பைச் சுற்றிக் கையைக் கட்டிக்கொண்டு நின்றவர்களால் போனது என்பேன்.

எங்கள் ஊர் பழவேற்காடு ஏரியின் கரையில், தோணிரேவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஏரி பெரியதுதான், ஆனால் மீனும் இறாலும் நன்றாகப் படுகிற இடங்கள் கொஞ்சம்தான். எந்த நாளில் யார் எந்த இடத்தில் வலை கட்டுவது என்பதற்கு எங்களுக்குள் ஒரு முறை உண்டு. அதைப் பாடு என்போம். நம் பாடு வருகிற நாளில் போய் வலை கட்டினால் உண்டு. காய்ச்சல், கல்யாணம், சாவு என்று எதைச் சொல்லிப் போகாமல் விட்டாலும் அது போனதுதான், அடுத்த சுற்று வரும்வரை மற்றவர்கள் பிடிப்பதைக் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

பாடு வந்தவன் தண்ணீருக்குள் வரிசையாகக் கம்பு நட்டு அதில் வலையைக் கட்டுவான். நட்ட கம்பு நட்டவனுடையது. அவனே வந்து பிடுங்கும்வரை வேறு யாரும் அதில் கைவைக்கக் கூடாது. காற்றில் சாய்ந்து கிடந்தால்கூட நிமிர்த்தக் கூடாது, அவனுக்கு ஆள் அனுப்பிச் சொல்ல வேண்டும். மீறிக் கைவைத்தவன் தன்னுடைய பாட்டை இழப்பான். ஏரியில் வெட்டுக்குத்து இல்லாமல் இத்தனை ஊர்கள் பிழைப்பது இதனால்தான் என்று எங்கள் ஆண்கள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொல்வார்கள். அது பொய்யில்லை, ஒத்துக்கொள்கிறேன். தண்ணீருக்குள் அது நல்ல முறை.

இந்த முறை பிசகாமல் பார்த்துக்கொள்கிற பெரியவர்களில் என் நைனாவும் ஒருவர். வீட்டில் உப்பு இருக்கிறதா புளி இருக்கிறதா என்று ஒருநாளும் கேட்டதில்லை, ஆனால் யார் பாடு எப்போது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். சொந்தத் தம்பி மகனின் பாட்டையே ஒருமுறை நிறுத்தியவர். அன்றைக்கு அடித்த காற்றில் படகு கவிழாமல் இருக்க அந்தப் பிள்ளை பக்கத்துக் கம்பைப் பிடித்துவிட்டான், கம்பு கையோடு வந்துவிட்டது, அவ்வளவுதான் குற்றம். சித்தி எங்கள் வாசலில் வந்து நின்று அழுதாள். நைனா உள்ளே உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருந்தார்.

எங்கள் துறைக்கு ஒரு மீன் இறங்குதளம் வேண்டும் என்று ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தோம். படகு வந்து அணைய ஒரு சிமெண்டுப் படித்துறை, அதற்கு மேலே மீனைக் கொட்டிப் பிரிக்க ஒரு கொட்டகை. ஒருவழியாகக் கட்டி முடித்தார்கள். திறந்து வைக்கப் பெரிய மனிதர் ஒருவர் வருகிறார் என்றார்கள். யார் என்பது இங்கே முக்கியமில்லை. வந்தார், போனார். அவருக்கு இந்தக் கதை இன்றுவரை தெரியாது.

விழாவுக்கு முன்னால் ஊராட்சி அலுவலகத்தில் ஒரு கூட்டம் போட்டார்கள். நான் வார்டு உறுப்பினர். பெண்களுக்கு ஒதுக்கிய வார்டு, நின்றேன், ஜெயித்தேன். எல்லாருக்கும் டீ வந்ததா என்று பார்க்கத்தான் என்னை உறுப்பினர் ஆக்கியிருப்பதாகப் பலருக்கு நினைப்பு. அன்றைக்கும் ஊர்த் தலைவர் என்னைப் பார்த்து, "டீ சொல்லிட்டியாம்மா?" என்றுதான் ஆரம்பித்தார். அவர் எனக்குப் பெரியப்பா முறை. அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

காவல் நிலையத்திலிருந்து வந்த அதிகாரி தடுப்புகளைப் பற்றிப் பேசினார். அங்கங்கே கூட்டத்தில் நசுங்கி ஆட்கள் செத்துப்போகிறார்கள், அதனால் இனிமேல் தடுப்பு கட்டுவதற்குக் கட்டுப்பாடு இருக்கிறது என்றார். நீளமாகத் தடுப்பு போட்டால் இடையிடையே வழி விட வேண்டும். அந்த வழியைக் கயிறு கட்டிக்கூட மூடக் கூடாது. ஒவ்வொரு வழிக்கும் ஓர் ஆள் நிற்க வேண்டும், ஏதாவது என்றால் அந்த ஆள் கூட்டத்தை வெளியே விட வேண்டும். ஆம்புலன்ஸ் போகிற பாதையில் எந்த வண்டியும் நிற்கக் கூடாது. விழா முடிந்த அன்றைக்கே கம்பு தகரம் எல்லாவற்றையும் பிடுங்கி எடுத்துவிட வேண்டும். இதையெல்லாம் அவர் மளமளவென்று சொன்னார், பந்தல்காரர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார்.

நல்ல விதிகள். அதில் ஒரு வார்த்தையைக்கூட நான் குறை சொல்ல மாட்டேன். யாரோ பெற்ற பிள்ளைகள் எங்கேயோ மிதிபட்டுச் செத்த பிறகு எழுதிய விதிகள் அவை. அதனால்தான் எனக்கு இத்தனை கோபம்.

நான் எழுந்து நின்றேன். "சார், அன்னிக்கி ஏரியில பாடு கீது. போன படகுங்க காலையில திரும்பி வரும். தொறைக்கி எதிர்ல கண்டிப்பா ஒரு வழி உடணும்."

"ஒருநாள் போகாம இருக்கச் சொல்லுங்கம்மா," என்றார் அதிகாரி.

"அப்டி இருக்க முடியாது சார். அன்னிக்கி போவலன்னா அந்தப் பாடு அவ்ளோதான்."

அவருக்குப் புரியவில்லை. தலைவர்தான் எடுத்துச் சொன்னார், கொஞ்சம் பெருமையாகவே சொன்னார். அதிகாரி பந்தல்காரரைப் பார்த்து, "துறைக்கு எதிர ஒரு வழி விட்டுடுங்க," என்றார். "விட்டுடலாம் சார், தாராளமா," என்றார் பந்தல்காரர். நான் கெட்டிக்காரத்தனமாக ஒரு வேலையை முடித்துவிட்ட திருப்தியோடு வீட்டுக்கு வந்தேன்.

அன்றைக்குப் பாடு வேறு யாருக்கும் இல்லை, எங்கள் வீட்டுக்குத்தான். அன்று படகுகள் தண்ணீரில் இறங்க வேண்டாம் என்று முந்தின நாள் ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டு போனார்கள். நைனா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "வர்றவரு வரட்டும். எனக்கு இன்னா அதுக்கு? எம் பாடு நாளைக்கி," என்றார். சர்க்கரை மாத்திரையை முழுங்கிவிட்டு, விடிவதற்கு முன்பே என் தம்பியைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

நான் காலையில் துறைக்குப் போய்ப் பார்த்தேன். கரை நெடுக ஆள் உயரத்துக்குத் தகரம் அடித்திருந்தார்கள். கூட்டத்தைத் தடுக்க என்றால் இடுப்பளவுக் கட்டை போதும். இது எங்களை மறைக்க. கிழிந்த வலையும், கருவாட்டுப் பாயும், ஓட்டைப் படகும் வருகிற பெரிய மனிதர் கண்ணில் பட்டுவிடக் கூடாதாம். தகரத்தின் ஒரு முனை புதிய கொட்டகையின் சுவரில் முட்டியது. இன்னொரு முனை சேற்றுக்குள் இறங்கித் தண்ணீருக்குள் போயிருந்தது. கொட்டகையைப் பூட்டி வாசலில் ரிப்பன் கட்டியிருந்தார்கள். சொன்னபடி துறைக்கு எதிரே ஒரு வழி விட்டிருந்தது, காக்கிச் சட்டை போட்ட ஒருவர் அங்கே நின்றுகொண்டிருந்தார். சரி என்று நான் மேடைப் பக்கம் போனேன். உறுப்பினர் என்று நெஞ்சில் குத்திக்கொள்ள ஒரு பூவும் முன்வரிசையில் ஒரு நாற்காலியும் கொடுத்தார்கள்.

நான் இந்தப் பக்கம் வந்ததும் அந்த வழியை மூடிவிட்டார்கள். பெரிய மனிதரின் வண்டி நிற்கிற இடத்துக்கு நேர் எதிரே அது இருந்ததாம், பின்னாலிருந்து யாராவது வந்துவிட்டால் என்ன செய்வது என்று யாரோ ஒருவருக்குத் தோன்றியதாம். நாலு கம்பு நட்டு, இரண்டு தகரத்தை வைத்து ஆணி அடித்துவிட்டார்கள். வழி இல்லை என்று ஆன பிறகு அங்கே ஆள் எதற்கு? காக்கிச் சட்டைக்காரரும் மேடைக்கு முன்னால் வந்துவிட்டார். யார் மூடச் சொன்னது என்று பிறகு எத்தனையோ பேரைக் கேட்டுவிட்டேன். ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கைகாட்டினார்கள்.

ஒலிபெருக்கி அலறிக்கொண்டிருந்தது. மடியில் வைத்திருந்த போன் அதிர்ந்தது. தம்பி.

"அக்கா, நைனாவ திருக்க குத்திடிச்சி. பாதத்துல. முள்ளு உள்ளயே ஒடஞ்சி நின்னுகீது, ரத்தம் நிக்கல. தொறைக்கி வந்துட்டோம், இங்க வழிய அடச்சி வெச்சிகீறாங்க."

"வேற பக்கம் அணைக்க முடியாதா?"

"தண்ணி வத்திடிச்சி. எல்லாம் சேறு. நடக்கவும் முடியல அவரால, தூக்கினு போவவும் முடியல. சீக்கிரம் வா."

திருக்கை குத்தினால் என்ன ஆகும் என்று எங்கள் ஊரில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. வாட்டசாட்டமான ஆள்கூடத் துடித்துப்போவான். நைனாவுக்கு வயது இருக்கிறது, சர்க்கரை இருக்கிறது, காலில் சின்னக் கீறல் பட்டாலே ஆற நாள் பிடிக்கும். நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடினேன்.

தடுப்புக்கு இந்தப் பக்கம் எங்கள் ஊர் ஆண்கள் திரண்டு நின்றார்கள். விழாவுக்காக வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. அந்தப் பக்கம் நைனாவின் படகு கிடக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும். இரண்டு தகரத்துக்கு நடுவே இருந்த இடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்தேன். படகின் பலகையில் காலைத் தூக்கி வைத்துச் சாய்ந்திருந்தார். தம்பி தன் லுங்கியைக் கிழித்துக் கட்டியிருந்தான், அது முழுவதும் சிவப்பாகி இருந்தது. நைனாவின் முகத்தில் ரத்தமே இல்லை. கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

"இன்னா நின்னுனு கீறீங்க? கம்பப் புடுங்குங்க," என்றேன்.

ஒருவரும் அசையவில்லை. "பந்தல்காரன் ஆளுங்கள இட்டாரச் சொல்லி அனுப்பிகீறோம்மா," என்றார் தலைவர். "நாஷ்டா துன்னப் போயிகீறானுங்களாம். இப்ப வந்துடுவானுங்க."

"அவங்க எதுக்கு வரணும்? நீங்க இத்தன பேரு கீறீங்களே."

"நட்டவன் வரட்டும்மா. அடுத்தவன் நட்ட கம்பு அது. நாம எப்டி கை வெக்கிறது?"

எனக்கு முதலில் விளங்கவில்லை. போலீசுக்குப் பயந்துகொண்டு நிற்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். ஆனால் போலீஸ் ஒருவர்கூட அங்கே இல்லை, எல்லாரும் மேடைப் பக்கம் இருந்தார்கள். இவர்கள் பயந்தது கம்புக்கு. ஈரச் சேற்றில் அவசரத்துக்கு நட்ட கம்பு, ஆழமாகக்கூட இறங்கவில்லை. ஏரித் தண்ணீருக்குள் கழுத்தளவில் நின்று எத்தனை கம்பு நட்டுப் பிடுங்கிய கைகள் இவை! எல்லாக் கையும் முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்தது.

"அது ஏரியில பெரியப்பா. இது தெருவு."

"கம்பு எங்க நட்டா இன்னா? கம்பு கம்புதான். இன்னிக்கி இத்தப் புடுங்கனா நாளைக்கி ஏரியிலயும் புடுங்குவான்."

அந்த நேரத்தில் தகரத்துக்கு அந்தப் பக்கமிருந்து நைனாவின் குரல் கேட்டது. வலியில் குழறினாலும் சொன்னது தெளிவாக இருந்தது. "தொடாதீங்கடா. நட்டவன் வரட்டும்."

அந்த ஒரு நொடியில் எனக்கு வந்த கோபத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. தகரம் அடித்தவன்மேல் வந்ததைவிட, வழியை மூடச் சொன்னவன்மேல் வந்ததைவிட, படகில் ரத்தம் ஒழுகக் கிடந்த அந்த மனிதர்மேல் வந்தது. செத்தாலும் முறை தவறாமல் சாகவேண்டும் அவருக்கு. அவர் செத்தால் எனக்கு யார் இருக்கிறார்கள், தம்பிக்கு யார் இருக்கிறார்கள் என்பதெல்லாம் அவர் கணக்கில் இல்லை.

நான் புடவையைச் செருகிக்கொண்டு முதல் கம்பை இரண்டு கையாலும் பிடித்தேன். எங்கள் ஊரில் பெண்கள் ஏரிக் கம்பைத் தொடவே மாட்டார்கள், பிடுங்குவதை விடுங்கள். பின்னால் யாரோ, "யம்மா, வேணாம்மா," என்றார்கள். முன்னும் பின்னும் ஆட்டினேன். சேறு இளகியது. ஆணி புடவையில் மாட்டிக் கிழித்தது, தகரத்தின் விளிம்பு உள்ளங்கையை அறுத்தது. அறுபட்ட கை வழுக்கியதால் தோளைக் கொடுத்து முட்டினேன். மரம் வேரோடு சாய்கிற மாதிரி கம்பு சாய்ந்தது, அடுத்த கம்பையும் இழுத்துக்கொண்டு தகரம் சடாரென்று அந்தப் பக்கம் விழுந்தது. யாரும் என்னைத் தடுக்கவில்லை, யாரும் ஒரு கை கொடுக்கவும் இல்லை. வழி திறந்த பிறகுதான் நாலு பேர் ஓடிப்போய் நைனாவைத் தூக்கினார்கள். தூக்குவதற்கு ஒன்றும் தடை இல்லையாம்.

தகரம் விழுந்த சத்தத்துக்கு போலீஸ்காரர் ஓடி வந்தார், வழியில் நிற்க வேண்டியிருந்த அதே ஆள். "யாரும்மா தடுப்ப எடுத்தது? ரூல்ஸ் இருக்குது தெரியுமா உனக்கு?"

"நல்லா தெரியும் சார். கூட்டத்துல ஒக்காந்து கேட்டேன். வழிய மூடக் கூடாதுன்னு சொன்னீங்க. ஒரு ஆளு நிக்கணும்னு சொன்னீங்க. எங்க சார் அந்த ஆளு?"

 அவர் மூஞ்சியைப் பார்த்துக்கொண்டிருக்க எனக்கு நேரம் இல்லை.

ஆம்புலன்ஸ் ஒன்று கொட்டகை ஓரமாக நின்றது. ஐயா வருகிற நேரம், அதை அசைக்கக் கூடாது என்று உத்தரவு என்றார் அதன் டிரைவர். பாவம், அவர் என்ன செய்வார். அசைத்தாலும் போக முடியாது, பாதை முழுவதும் கட்சிக்காரர்களின் கார். மீன் ஏற்றுகிற ஆட்டோ ஒன்றைப் பிடித்து, நைனாவை நாறும் பெட்டிகளுக்கு நடுவே கிடத்தி, குண்டும் குழியுமான உள்வழியாகப் பொன்னேரிக்குப் போனோம். நாங்கள் கிளம்பும்போது பெரிய மனிதர் பேச ஆரம்பித்திருந்தார். மீனவ மக்கள் எந்தத் தடையும் இல்லாமல் கரையேறுவதற்காக இந்தத் தளம் என்று ஒலிபெருக்கி சொன்னது ஊர் எல்லை வரைக்கும் கேட்டது. கைதட்டலும் கேட்டது. கை தட்டியவர்களில் அந்த வெள்ளைச் சட்டைகளும் இருந்திருக்கும்.

பொன்னேரியிலிருந்து சென்னைக்கு அனுப்பினார்கள். முள்ளை எடுத்தார்கள். குத்தியதும் ஏன் கொண்டுவரவில்லை என்று கேட்ட டாக்டரிடம், கம்பு நட்டவன் நாஷ்டா தின்னப் போயிருந்தான் என்று எப்படிச் சொல்வது? வழியில் தாமதமாகிவிட்டது என்றேன். முதலில் விரல்கள் கறுத்தன. பிறகு அந்தக் கறுப்பு மேலே ஏறியது. முன்பாதத்தை எடுத்துவிட்டால் காலைக் காப்பாற்றலாம் என்றார்கள். தம்பி கையெழுத்துப் போட்டான்.

நைனா வீட்டுக்கு வந்த பிறகு ஊர்க் கூட்டம் போட்டார்கள். பந்தல்காரரைக் கூப்பிட்டிருப்பார்கள், வழியை மூடியதற்கு நியாயம் கேட்பார்கள் என்று நினைத்துக்கொண்டு, கேட்க வேண்டியதை எல்லாம் மனதுக்குள் அடுக்கிக்கொண்டு போனேன். அங்கே பந்தல்காரர் இல்லை. விசாரணை எனக்கு.

"அடுத்தவன் கம்புல கை வெச்சிகீது நம்ம பொண்ணு," என்றார் தலைவர். "அவசரம்தான், இல்லங்கல. ஆனா மொறன்னு ஒண்ணு கீதே."

"அந்த மொறையாலதான் பெரியப்பா அவரு காலு போச்சு. அங்க பாருங்க, கண்ண தொறந்து பாருங்க," என்றேன். நைனா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில், கட்டுப்போட்ட காலை இன்னொரு நாற்காலியில் நீட்டி உட்கார்ந்திருந்தார். எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். "வழிய மூடனவன ஒரு கேள்வி கேட்டீங்களா? கவர்மெண்ட்டு போட்ட ரூல்ஸ் ஒண்ணையாவது எவனாவது மதிச்சானா? அத்தக் கேக்க உங்களுக்கு வாய் வரல. என்னக் கேக்க மட்டும் வருதா?"

"அவங்க வெளியாளு. அவங்கள நாம இன்னா பண்ண முடியும்?" என்றார் ஒருவர்.

இதுதான் எங்கள் ஊர். வெளியாள் நட்டால் தொடுவதற்குப் பயம், வெளியாள் தப்பு செய்தால் கேட்பதற்கும் பயம். எங்கள் வீரம் எல்லாம் எங்களுக்குள்ளேயே.

தலைவர் நைனாவைப் பார்த்தார். "நீயே சொல்லுப்பா. இத்தினி வருசமா நீதான பார்த்துனு வந்த."

நான் நைனாவின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன். இந்த ஒரு தடவை, ஒரே ஒரு வார்த்தை. என் பொண்ணு செய்தது சரி என்று வேண்டாம், போகட்டும் விடுங்கள் என்று சொன்னால் போதும். உலகத்தில் எனக்கு அதற்குமேல் ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.

"தப்பு தப்புதான்," என்றார் நைனா. "எங்க வூட்டு அடுத்த பாட்ட நிறுத்திக்கோங்க."

தம்பி தலையைக் குனிந்துகொண்டான். நைனாவால் இனிமேல் ஏரிக்குள் இறங்க முடியாது, அந்தப் பாடு அவனுக்குத்தான் வர இருந்தது. நான் வெளியே வந்துவிட்டேன். அன்றிலிருந்து நைனாவுக்குச் சோறு போட்டேன், மாத்திரை கொடுத்தேன், காலைக் கழுவிக் கட்டு மாற்றினேன். பேசவில்லை.

துறையில் பந்தல்காரர் தகரத்தைக் கழற்றிக்கொண்டு போயிருந்தார். நாற்காலி, சாமியானா, விளக்கு, ஒயர், ஒன்று விடாமல் ஏற்றிக்கொண்டு போயிருந்தார். கம்புகளை மட்டும் விட்டுவிட்டார், பிடுங்குகிற கூலிக்கு அது பெறாது என்று நினைத்தாரோ என்னவோ. விழா முடிந்த அன்றைக்கே எடுக்க வேண்டும் என்ற விதி எழுதியவரோடு போயிற்று. போன் போட்டேன், எடுக்கவில்லை. ஊராட்சியில் சொன்னேன், காவல் நிலையத்தில் சொன்னேன். சொல்லிவிடுகிறோம் என்றார்கள். கரை நெடுகக் கம்புகள் அப்படியே நின்றன. எங்கள் ஆட்கள் படகை வளைத்து வளைத்து அதற்கு நடுவே ஓட்டி, பக்கப் பலகை தேயத் தேயக் கரையேறினார்கள். மீன் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு பெண்கள் கம்புக்குக் கம்பு சுற்றி நடந்தார்கள். புதுப் படித்துறைக்கு முன்னால் இந்தக் கூத்து. யாரும் ஒரு கம்பைக்கூடத் தொடவில்லை.

ஒருநாள் காலையில் நான் போய் ஒன்றைப் பிடுங்கினேன். பட்டப்பகலில், எல்லாரும் பார்க்க. தோளில் வைத்துக்கொண்டு தெரு வழியாக வந்தேன். அடுத்த நாள் இன்னொன்று. நிறுத்துவதற்கு இன்னும் என்ன பாடு இருக்கிறது எங்கள் வீட்டில், நிறுத்திக்கொள்ளட்டும். ஆனால் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. நான் பிடுங்கிய இடத்தில் வழி கிடைத்தது, அந்த வழியாகத்தான் தலைவரின் படகு முதலில் வந்து அணைந்தது. அதைக் கண்ணால் பார்த்தேன். காறித் துப்ப வேண்டும்போல இருந்தது. துப்பவும் செய்தேன், தள்ளி நின்று.

புண்ணைக் கொதித்து ஆறிய தண்ணீரில் கழுவச் சொல்லியிருந்தார்கள். அந்தக் கம்பை வாசலில் போட்டு வெட்டி, வெளியடுப்பில் வைத்துத்தான் தண்ணீர் காய்ச்சினேன். நைனா வாசல்படியில் காலை நீட்டி உட்கார்ந்து நான் வெட்டுவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஆணி அடித்த ஓட்டையோடு கிடக்கிற கம்பு எது என்று தெரியாதவரா அவர்? கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தட்டும், நானும் திருப்பிக் கத்திக்கொள்ளலாம் என்று காத்திருந்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை.

போன வாரம் ஒருநாள் அடுப்பு சரியாகப் பிடிக்கவில்லை. நான் குனிந்து ஊதிக்கொண்டிருந்தேன். புகை கண்ணில் ஏறியது. நைனா பின்னாலிருந்து மெதுவாகப் பேசினார்.

"கரையில இன்னும் கொஞ்சம் கீதுல்ல?"

"கீது."

"மழ வர்றதுக்குள்ள அத்தையும் புடுங்கியாந்துடு. நனைஞ்சா எரியாது."

ஊதுவதை நிறுத்திவிட்டுத் திரும்பினேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். கோபம்தான் வந்தது, கண்ணீரோடு சேர்ந்து வந்தது. தண்ணீரை இறக்கி ஆற்றிக் கொண்டுபோய், அவர் முன்னால் உட்கார்ந்து கட்டைப் பிரித்தேன். இத்தனை நாள் கழித்து அவரிடம் பேசினேன்.

"அன்னிக்கே சொல்லிருக்கலாம் நைனா."

அவர் காலைச் சட்டிக்குமேல் நீட்டினார். முன்பாதம் இருந்திருந்தால் என் முழங்காலில் இடித்திருக்கும்.